கிராம் ஸ்டெயினில் தெரிந்தது பிளேட்டில் வளரவில்லை. எந்த மீடியா போட்டிருக்க வேண்டும்?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நுண்ணுயிரியல் பிரிவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சிறிய ஆய்வகம். கல்ச்சர், அதாவது சாம்பிளிலிருந்து பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது, நான் ஒருவன்தான். இரவில் வேறொருவர் சாம்பிளை வாங்கி வைப்பார். எங்களிடம் இருப்பது மூன்றே மீடியா (பாக்டீரியாவுக்கான உணவுக் கூழ்): நியூட்ரியன்ட் அகார், மெக்கான்கி, பிளட் அகார். பிளட் அகாருக்கு ரத்த வங்கியில் காலாவதியான பையை வாங்கி ஊற்றுகிறோம். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான். சிறுநீர், சீழ், சளி, எது வந்தாலும் இந்த மூன்றிலும் ஒரு இழுப்பு.

போன வாரம் ஒரு குழந்தையின் சி.எஸ்.எஃப். (மூளை, தண்டுவட நீர்) வந்தது. கலங்கலாக இருந்தது. சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயினில் சீழ் செல்கள் நிறைய. நடுவே வெளிறிய சிவப்பில் குட்டைக் குட்டையாக பேசில்லஸ்கள், அங்கங்கே நூல் போல நீண்டவை ஒன்றிரண்டு. உடனே வார்டுக்கு போன் செய்து சொன்னேன். மூன்று மீடியாவிலும் போட்டேன். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும் ஒன்றுமில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் எழுதினேன்.

குழந்தைக்கு அதற்குள் மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், தேறி வருகிறது. ஆனால் மருத்துவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள், வளரவில்லை என்றும் எழுதுகிறீர்கள். எந்த மருந்துக்குக் கேட்கிறது என்ற சென்சிட்டிவிட்டி இல்லாமல் நான் எதை வைத்து மருந்தை மாற்றுவது?" என்றார்.

மேலாளரிடம் கூடுதல் மீடியா கேட்டேன். "பட்டியல் கொடு, நீளமாக இருக்கக் கூடாது. வாங்கி வைத்து வீணானால் நீதான் பொறுப்பு" என்கிறார். கேட்டலாக்கைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எதை வாங்குவது? எந்தச் சாம்பிளுக்கு எது?

பழைய லூப் எழுதியது:

தம்பி, மீடியாவைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தக் குழாய் உங்கள் கைக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தது?

இரவுப்பணி எழுதியது:

இரவு பதினொன்றரைக்கு வந்திருக்கிறது. இரவில் இருந்தவர் பிரிட்ஜில் வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு நான் எடுத்தேன். தவறா அக்கா? சிறுநீரை அப்படித்தானே வைக்கிறோம்?

பழைய லூப் எழுதியது:

சிறுநீரை அப்படித்தான் வைக்க வேண்டும். சி.எஸ்.எஃப்.ஐ வைக்கக் கூடாது. சிறுநீர் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதிலுள்ள பாக்டீரியா பெருகி எண்ணிக்கை பொய்யாகிவிடும், அதனால் குளிரில் நிறுத்தி வைக்கிறோம். மூளைக் காய்ச்சலைத் தரும் மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் குளிர் தாங்காதவை. எட்டரை மணி நேரம் பிரிட்ஜில் இருந்ததில் பாதி செத்திருக்கும். மீதிக்கு நீங்கள் பொருத்தமான உணவு போடவில்லை. ஆக இரண்டு தவறு. ஒன்று உங்களுடையது கூட இல்லை. ஆனாலும் இரவுப் பணியாளருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: 'சி.எஸ்.எஃப். உள்ளே வைக்காதே, இன்குபேட்டரில் வை, போன் செய்.'

நான் முப்பது வருடத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்தவள். மீடியா பட்டியல் கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வேன். கேட்டலாக்கிலிருந்து தொடங்காதீர்கள். சாம்பிள் உடம்பில் எங்கிருந்து வந்தது, ஸ்லைடில் என்ன தெரிந்தது, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பிளேட்டை எடுக்க வேண்டும். நீங்கள் ஸ்லைடைப் பார்த்தீர்கள், சரியாகவும் பார்த்தீர்கள். குழந்தை, சி.எஸ்.எஃப்., கிராம் நெகட்டிவ் (ஸ்டெயினில் சிவப்பு), குட்டையும் நீளமும் கலந்த வடிவம் என்றால் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஹிப் தடுப்பூசி வந்தபின் குறைந்துவிட்டது, ஒழிந்துவிடவில்லை. ஆனால் பார்த்ததை நீங்கள் பிளேட்டுக்குச் சொல்லவில்லை. எப்போதும் போடும் மூன்றையே போட்டீர்கள்.

ஹீமோஃபிலஸுக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று எக்ஸ் ஃபேக்டர், அதாவது ஹீமின். இன்னொன்று வி ஃபேக்டர், அதாவது என்.ஏ.டி. இரண்டுமே ரத்தத்தில் இருக்கின்றன. பிறகு ஏன் பிளட் அகாரில் வளர்வதில்லை? வி ஃபேக்டர் சிவப்பணுவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வெளியே கசிகிற கொஞ்சத்தையும் ரத்தத்திலுள்ள ஒரு நொதி அழித்துவிடுகிறது. ஆட்டு ரத்தத்தில் இந்தத் தொல்லை அதிகம். அதே ரத்தத்தை 75 முதல் 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் சிவப்பணு வெடித்து உள்ளே இருப்பது வெளியே வரும், அந்த நொதியும் செத்துவிடும். நிறம் பழுப்பாகும். அதுதான் சாக்லேட் அகார். உங்கள் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது இது. இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதை மேலாளருக்குச் சொல்லுங்கள். ஒரே பேஸ் (ரத்தம் சேர்க்காத அகார்), ஒரே ரத்தம். பாதியைச் சிவப்பாக ஊற்றுங்கள், மீதியை வாட்டர் பாத்தில் வைத்துப் பழுப்பாக்கி ஊற்றுங்கள்.

காலாவதியான ரத்தப் பையை இன்றோடு விடுங்கள். அதில் சிட்ரேட் இருக்கிறது, கொடுத்தவர் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் இருக்கலாம், பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம். ஹீமோலிசிஸ், அதாவது பாக்டீரியா சிவப்பணுவை உடைப்பது, தெளிவாகத் தெரியாது. கையாளும் உங்களுக்கும் ஆபத்து. ஆட்டு ரத்தம், ஃபைப்ரின் நீக்கியது, 5 சதவீதம். இதில் பேரம் பேசாதீர்கள்.

சேர்க்கும் சூடுதான் கைப்பக்குவம். பேஸை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவிட்டு ரத்தத்தைச் சேர்க்க வேண்டும். அதைவிடச் சூடாக இருந்தால் சிவப்பு கறுத்துப் போகும். ஆறிப்போனால் கட்டி கட்டியாக உறையும். எங்கள் காலத்தில் குடுவையை முன்கையில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள், என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இருக்காது என்று நினைக்கிறேன். மூடி இறுகிய ஜாடி, ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி, ஈரப் பஞ்சு, அவ்வளவுதான். சுடர் அணையும்போது உள்ளே சுமார் 3 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், கோனோகாக்கஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். சிலர் இதை அனெரோபிக் (ஆக்சிஜன் இல்லாத) ஜாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை, ஆக்சிஜன் அதில் நிறையவே மிச்சமிருக்கும்.

மற்ற சாம்பிள்களை இரவு வந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டாலும் போனில் தட்டுவது சிரமமாக இருக்கிறது.

வார்டு பக்கம் எழுதியது:

நான் ஆய்வகத்தில் இல்லை, வார்டில் இருக்கிறேன். அந்த மருத்துவர் கேட்டது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் போன் செய்து கிராம் ரிசல்ட் சொன்னதே அவருக்குப் பெரிய உதவி. ஒரே ஒரு வேண்டுகோள். 'வளர்ச்சி இல்லை' என்று மட்டும் எழுதாமல், 'ஸ்லைடில் கிராம் நெகட்டிவ் காக்கோபேசில்லஸ் தெரிந்தது, சாக்லேட் அகார் போடப்படவில்லை, சாம்பிள் குளிரில் இருந்தது' என்று எழுதியிருந்தால் நாங்கள் அதை 'பாக்டீரியா இல்லை' என்று படிக்க மாட்டோம்.

பழைய லூப் எழுதியது:

வார்டு பக்கம் சொன்னது சரி. அந்த வரியை நானும் பல வருடம் எழுதாமல் விட்டவள்தான்.

சிறுநீர். உங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்கும். மூன்று பிளேட் தேவையில்லை, ஒன்று போதும்: சி.எல்.இ.டி. லாக்டோஸை நொதிக்கும் ஈ. கோலை மஞ்சளாக வரும், நொதிக்காதவை நீலப் பச்சையாக நிற்கும். ஸ்டாஃபும் என்டிரோகாக்கஸும் இதிலேயே வளரும். மெக்கான்கியை மட்டும் நம்பினால், கிரிஸ்டல் வயலெட் சேர்த்த வகையில் கிராம் பாசிட்டிவ் தலைகாட்டாது, இளம் பெண்களுக்கு வரும் ஸ்டாஃப் சாப்ரோஃபிட்டிகஸைத் தவறவிடுவீர்கள். இன்னொரு லாபம், இதில் உப்பு குறைவு என்பதால் புரோட்டியஸ் பிளேட் முழுக்க அலையலையாகப் படராது. ஒரு முறை புரோட்டியஸ் படர்ந்த பிளட் அகாரில் அடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1 மைக்ரோலிட்டர் எடுக்கும் லூப் (வளையக் கம்பி) என்றால் 100 காலனி (பாக்டீரியாத் திட்டு) வந்தால் மில்லிக்கு 1 லட்சம். லூப்பை நெட்டாக முக்கி நெட்டாக எடுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு மாறும், அப்புறம் உங்கள் கணக்குக்கு அர்த்தமில்லை.

சளி. முதலில் ஸ்லைடு. குறைந்த பெரிதாக்கலில் ஒரு புலத்தில் எபிதீலியல் செல் 10க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் எச்சில். பிளேட்டை வீணாக்காமல் வேறு சாம்பிள் கேளுங்கள். சீழ் செல் 25க்கு மேல் இருந்து எபிதீலியல் குறைவாக இருந்தால் பிளட், சாக்லேட், மெக்கான்கி. தொண்டை ஸ்வாபுக்கு பிளட் அகார் ஒன்றே போதும். கோடு இழுத்த பிறகு லூப்பால் அகாருக்குள் இரண்டு குத்து குத்துங்கள். ஸ்ட்ரெப் பயோஜெனிஸின் ஒரு ஹீமோலைசின் ஆக்சிஜன் பட்டால் வேலை செய்யாது, குத்திய இடத்தில் காற்று குறைவு என்பதால் தெளிந்த வளையம் அங்கே பளிச்சென்று தெரியும்.

சீழுக்கு பிளட், மெக்கான்கி, கூடவே ஆக்சிஜன் பிடிக்காத பாக்டீரியா வளர ஒரு குழாய் ராபர்ட்சன் குக்டு மீட். பஞ்சில் தொட்டு அனுப்பாமல் சிரிஞ்சில் உறிஞ்சி அனுப்பச் சொல்லுங்கள். நாறுகிற சீழ், ஸ்லைடில் மூன்று வகை பாக்டீரியா, பிளேட்டில் ஒன்றுமே இல்லை என்றால் அனெரோப்தான்.

மலத்துக்குத்தான் செலக்டிவ் மீடியா உண்மையிலேயே தேவை, ஏனென்றால் வழக்கமாக அங்கே வாழ்கிறவற்றை அடக்க வேண்டும். மெக்கான்கி, எக்ஸ்.எல்.டி., ஒரு குழாய் செலினைட் எஃப். எக்ஸ்.எல்.டி.யில் சால்மோனெல்லா சிவப்பு, நடுவில் கறுப்பு. ஷிகெல்லா வெறும் சிவப்பு. ஈ. கோலை மஞ்சள். காலரா சந்தேகம் என்றால் மட்டும் டி.சி.பி.எஸ்., அதற்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆல்கலைன் பெப்டோன் வாட்டர். விப்ரியோ காலரே மஞ்சளாக வரும். டி.சி.பி.எஸ்., எக்ஸ்.எல்.டி. இரண்டையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், கொதிக்க வைத்து ஊற்றினால் போதும். முதல் வருடத்தில் நான் டி.சி.பி.எஸ்.ஸை ஆட்டோகிளேவில் வைத்து ஒரு லிட்டரைக் கெடுத்தேன். அன்று சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, டப்பாவில் எழுதியிருந்ததை நானும் படிக்கவில்லை.

நியூட்ரியன்ட் அகாரைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் கல்ச்சருக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஆக்ஸிடேஸ் என்ற நொதிச் சோதனை செய்ய அதிலிருந்து எடுங்கள். மெக்கான்கியிலிருந்து எடுத்தால் அமிலம் குழப்பிவிடும்.

ஆக மேலாளருக்கு: பிளட் பேஸ், மெக்கான்கி, சி.எல்.இ.டி., எக்ஸ்.எல்.டி., சென்சிட்டிவிட்டிக்கு முல்லர் ஹின்டன். சின்ன டப்பாவில் டி.சி.பி.எஸ்., செலினைட். பொடியாக வாங்குங்கள், இறுக மூடி ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பொடி சீக்கிரம் கெடாது, ஊற்றி வைத்த பிளேட்தான் காயும்.

தட்டுச்சுமை எழுதியது:

அக்கா எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 'சூடோமோனாஸ் மாதிரி ஏதோ, கன்டாமினன்ட்' என்று எழுதித் தூக்கிப் போடுவதற்கு முன் நிற்க வேண்டிய ஒரு இடம் உண்டு. சர்க்கரை நோயாளி, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி, மெக்கான்கியில் லாக்டோஸ் நொதிக்காத ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ் காலனி. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மருந்து டிஸ்க்கைச் சுற்றி வளர்ச்சியற்ற வட்டமே விழாமல், கோ-அமாக்ஸிக்ளாவுக்கு மட்டும் பெரிய வட்டம் விழுந்தால் அது பர்க்ஹோல்டேரியா சூடோமல்லியையாக இருக்கலாம், அதாவது மெலியாய்டோசிஸ். தெற்காசியா, தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. 24 மணி நேரத்தில் பிளேட்டைக் குப்பையில் போட்டால் இதைப் பார்க்கவே மாட்டீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டால் காலனி வறண்டு சுருங்கும். இதற்கென்றே ஆஷ்டவுன் என்று ஜென்டாமைசின் சேர்த்த மீடியா இருக்கிறது, ஆனால் சிறிய ஆய்வகத்தில் பொறுமையும் மேலே சொன்ன மூன்று டிஸ்க்கும் இருந்தாலே சந்தேகம் வந்துவிடும். முக்கியமாக, மூடியைத் திறந்து மோந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பட்டியலில் டி.சி.பி.எஸ். தவிர எல்லாம் கிடைத்தது.

முதல் தடவை ஊற்றிய பிளட் அகார் ஆறுவதற்கு முன் ரத்தத்தைச் சேர்த்து, பாதி சாக்லேட் ஆகிவிட்டது. அதையே மேலும் சூடாக்கி முழு சாக்லேட்டாக ஊற்றிவிட்டேன், வீணாக்கவில்லை. இரண்டாவது தடவை வெப்பமானி வைத்து 48 டிகிரியில் சேர்த்தேன், நன்றாக வந்தது.

நேற்று ஒரு சளி. ஸ்லைடில் அதே மாதிரி குட்டைச் சிவப்புகள். சாக்லேட் போட்டேன், மெழுகுவர்த்தி ஜாடியில் வைத்தேன். கூடவே பழைய பாடக் குறிப்பில் இருந்த வித்தை ஒன்றைச் செய்தேன். பிளட் அகாரில் சளியை இழுத்து, குறுக்கே ஸ்டாஃப் ஆரியஸால் ஒரே ஒரு கோடு போட்டேன். இன்று காலை சாக்லேட்டில் சாம்பல் நிறத்தில் பனித்துளி மாதிரி நிறைய காலனி. பிளட் அகாரில் அந்தக் கோட்டின் இரு ஓரத்திலும் மட்டும் பொடிப்பொடியாக வரிசை கட்டி நிற்கிறது, தள்ளிப் போனால் இல்லை. ஸ்டாஃப் கொடுக்கும் வி ஃபேக்டரைக் குடித்துக்கொண்டு நிற்கிறது என்று கண்ணெதிரே தெரிந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சென்சிட்டிவிட்டி எப்படிப் போடுவது அக்கா? முல்லர் ஹின்டனில் டிஸ்க் வைக்கலாமா?

பழைய லூப் எழுதியது:

வைக்காதீர்கள். சாதாரண முல்லர் ஹின்டனில் எக்ஸும் இல்லை, வி-யும் இல்லை, வளராது. அங்கே வெறுமையாக இருக்கும் பிளேட்டைப் பார்த்து 'எல்லா மருந்துக்கும் கேட்கிறது' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாக்லேட்டிலும் டிஸ்க் வைக்கக் கூடாது, வட்டத்தின் அளவுகள் அதற்கென்று வகுக்கப்படவில்லை. ஹீமோஃபிலஸ் டெஸ்ட் மீடியம் என்று தனியாக இருக்கிறது, முல்லர் ஹின்டனில் ஹீமின், என்.ஏ.டி., ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தது. அது இல்லாவிட்டால் காலனியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், புதிய சாக்லேட் பிளேட்டில் மாற்றி, அறை வெப்பத்தில், அன்றே. பிரிட்ஜில் வைத்து அல்ல.

அதுவரை நைட்ரோசெஃபின் டிஸ்க் ஒன்று கிடைத்தால் ஒரு காலனியைத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் சிவப்பானால் ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா லாக்டமேஸ் இருக்கிறது, ஆம்பிசிலின் வேண்டாம் என்று வார்டுக்கு இன்றே போன் செய்துவிடலாம்.